வீட்டுத் தொட்டியில் முருகைக்கற்பார்: ஒரு வரலாற்று நோக்கு

கண்ணாடித் தொட்டியிற் கடல்வாழ் உயிர்களை வளர்த்தலைச் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்றே நம்மிற் பலர் எண்ணுவர். அதனை வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வோர் மிகச் சிலரே. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தோன்றிய இக்கலை இரசாயனம், உயிரியல், பொறியியல், வணிகம் ஆகிய துறைகளின் வளர்ச்சியோடு இணைந்து வளர்ந்தது. அவ்வளர்ச்சிக்கான விலையைச் சில கடற்கரைகள் கொடுக்க நேர்ந்தது. அவற்றுள் இலங்கைக் கரைகளும் அடங்கும்.

“ஒரு குறித்த அளவு நீரில் எத்தனை உயிர்கள் வாழ முடியும்? அவற்றை வாழ்விக்க எவ்வகைக் கருவிகள் வேண்டும்?” பெரிய முருகைத் தொட்டி ஒன்றை வீட்டில் அமைக்க விழைவோர் இன்றும் முதலிற் கேட்கும் வினாக்கள் இவையே. இவற்றுக்கு விடை காணும் முயற்சியே இத்துறையின் வரலாறு எனலாம். அவ்விடை படிப்படியாக எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அதனை அறியாமல் தொட்டி அமைப்பதால் விளையும் கேடு யாருடையது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமநிலைத் தொட்டியின் தோற்றம்

கடல் உயிர்களை ஆய்வுக்காகத் தொட்டியில் வைத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர் பிரான்சிற் பிறந்து சிசிலித் தீவின் மெசீனா நகரில் வாழ்ந்த ழான் வில்பிரே-பவர் என்னும் பெண்மணியாவார். ஆர்கோனோட் எனப்படும் எண்காலி இனம் தன் ஓட்டைத் தானே உருவாக்குகின்றதா, அன்றிப் பிற உயிரிடமிருந்து கவர்கின்றதா என்பது அக்காலத்தில் அறிஞரிடையே நிலவிய விவாதம். 1832ஆம் ஆண்டளவிற் கண்ணாடித் தொட்டிகளையும் கடலில் அமிழ்த்தும் கூடுகளையும் அமைத்து அவ்வுயிரைத் தொடர்ந்து அவதானித்த அவர், ஓட்டை அதுவே சுரந்து உருவாக்குகின்றது என்பதை நிறுவினார்.

மெசீனாவிற் கடல் அருகிலிருந்தது. வேண்டியபோது நீரை மாற்றலாம். கடலினின்றும் தொலைவிலுள்ள நகரொன்றில் அதே நீரைக் கெடாது வைத்திருத்தலே கடினமான பணியாயிற்று. 1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்பார் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டோர்க்கீயிலிருந்து கல்முருகை உயிரிகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நீரிற் காற்றுக் கலக்கும்பொருட்டு, திறந்த யன்னலருகே அதனை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவித்தார். இவ்வேலை நாள்தோறும் பணிப்பெண்ணின் கையாலேயே நிகழ்ந்தது. இன்றைய தொட்டிகளில் மின்விசைப் பம்பி செய்யும் தொழில் முதலில் மனிதக் கையின் உழைப்பாக இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டிற் கடற்றாவரங்களையும் தொட்டியில் இட்டு அவ்வுழைப்பைக் குறைக்க அவர் வழிகண்டார்.

தாவரம் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்பதை யோசேப் பிறீஸ்லி 1770களிலும், அதற்கு ஒளி தேவை என்பதை இங்கன்கவுஸ் 1779இலும் காட்டியிருந்தனர். அவ்வுண்மைகளைத் தொட்டிக்குப் பொருத்தியவர் இரசாயனவியலாளர் றொபேட் வாரிங்டன். மீன், நீர்த்தாவரம், அழுகலை உண்ணும் நத்தை ஆகிய மூன்றும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என 1850ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். ‘சமநிலைத் தொட்டி’ என்ற கருத்து இவ்வாறு பிறந்தது. 1853இல் இலண்டன் றீஜன்ட் பூங்காவிலுள்ள விலங்கியற் தோட்டத்திற் பொதுமக்களுக்கான மீன்மனை திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைத் திரட்டித் தந்தவருள் ஒருவரான பிலிப் ஹென்றி கொஸ், 1854இல் வெளியிட்ட ‘அக்குவேரியம்’ என்ற நூலால் அச்சொல்லை நிலைபெறச் செய்தார். சோடியம் குளோரைட்டு, மகனீசியம் சல்பேற்று, மகனீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு ஆகிய நான்கு உப்புகளைக் கொண்டு செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் அவர் அறிவித்தார்.

கரைகள் வெறுமையாதல்

பிரித்தானியாவிற் கண்ணாடிமீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. புகையிரதப் பாதைகள் கடற்கரையை நகரங்களுக்கு அண்மையாக்கின. கொஸின் நூல்கள் ஆர்வத்தைத் தூண்டின. 1850களில் நடுத்தர வகுப்பினரின் வீடுகள்தோறும் கடற்றொட்டி வைப்பது பெருவழக்காயிற்று. ஆயின் தொட்டிகளிற் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. சிறு பாத்திரத்திற் பல உயிர்களை இட்டமையால் நீர் விரைவிற் கெட்டது. இறந்தவற்றுக்கு ஈடாக மீண்டும் கரைக்குச் சென்று புதியனவற்றைப் பெயர்த்தெடுத்தனர். டெவன் கரையின் பாறைக்குளங்கள் இவ்வாறு சூறையாடப்பட்டதையும், தம் தந்தையின் நூல்களே அதற்கு வழிகோலியதையும் கொஸின் மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்னும் நூலில் வருத்தத்தோடு பதிவுசெய்துள்ளார்.

இத்தோல்விக்கு நடைமுறைத் தீர்வு கண்டவர் வில்லியம் அல்போட் லொயிட். கடல் உயிர்களை விற்கும் வணிகராகத் தொடங்கிய இவர், ஹம்பேர்க் காட்சியகத்திலும் 1871இல் திறக்கப்பட்ட இலண்டன் பளிங்கு மாளிகைக் காட்சியகத்திலும் தமது கொள்கையைச் செயற்படுத்தினார். பார்வையாளர் காணும் தொட்டிகளிலும் பன்மடங்கு பெரிதான நீர்த்தேக்கமொன்றை நிலத்தின்கீழ் இருளிலும் குளிர்ச்சியிலும் வைத்து, அந்நீரை ஓயாது சுழலச் செய்தார். உயிர்களின் தொகையை மட்டும் எண்ணாது, அவற்றின் பின்னாலுள்ள முழு நீரின் அளவையும் அதன் ஓட்டத்தையும் எண்ணவேண்டும் என்பது அவர் தந்த பாடம். இன்று வீட்டுத் தொட்டியின் கீழே அமைக்கப்படும் கீழ்த்தொட்டி, லொயிட்டின் நீர்த்தேக்கத்தின் சிற்றுருவமே.

கண்ணுக்குப் புலப்படாத வேலை

ஓடும் நீர் ஏன் கெடாதிருந்தது என்பதை லொயிட்டின் காலம் முழுமையாக அறிந்திருக்கவில்லை. மண்ணில் அமோனியா நைத்திரேற்றாக மாறுதல் உயிர்ச்செயல் என்பதை ஷ்லோசிங், மியுன்ற்ஸ் ஆகிய பிரெஞ்சு அறிஞர் 1877இற் காட்டினர். வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் அதனைச் செய்யும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை நைத்திரைற்றை நச்சுத்தன்மை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மண்ணைப் பற்றிய இவ்வறிவு வீட்டுத் தொட்டிக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

1950களில் அமெரிக்கரான றொபேட் ஸ்ட்ரோன், பரலின் அடியில் துளைத்தட்டை வைத்து, நீரைப் பரலினூடாக இழுக்கும் வடிகட்டியைக் கடற்றொட்டிகளிற் பரவச் செய்தார். பரலின் மேற்பரப்பு முழுவதும் பற்றீரியாக்களின் வசிப்பிடமாயிற்று. 1970இல் வெளியான ஸ்டீபன் ஸ்பொட்டின் நூல் மூடிய தொகுதிகளின் நீர் முகாமையை அறிவியல் அடிப்படையில் விளக்கியது. இதே காலப்பகுதியில் உவர்நீரால் அரிக்கப்படும் உலோகச் சட்டங்களுக்குப் பதிலாகச் சிலிக்கன் பசையால் ஒட்டிய முழுக்கண்ணாடித் தொட்டிகள் வந்தன. பொதிசெய்த செயற்கைக் கடலுப்பும் விற்பனைக்கு வந்தது. மீன்கள் இப்போது உயிர்தப்பின. முருகை உயிரிகளோ தொடர்ந்தும் இறந்தன. நைத்திரேற்றும் பொசுபேற்றும் நீரிற் குவிந்தமையும் ஒளி போதாமையும் அதற்கான முதன்மைக் காரணங்களாம்.

முருகை உயிரியின் தேவை

முருகை உயிரியின் இழையத்துள் நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. ஒளித்தொகுப்பால் அவை ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்குச் சேர்கின்றது. சீ. எம். யங் தலைமையில் 1928, 1929ஆம் ஆண்டுகளில் அவுத்திரேலியப் பெருந்தடுப்புப் பாரில் நிகழ்ந்த ஆய்வுப் பயணம் இவ்வொன்றியவாழ்வு பற்றிய அறிவை வளர்த்தது. ஆகவே, முருகையை வளர்ப்பவர் உண்மையில் ஒரு விலங்கையும் ஒரு தாவரத்தையும் ஒருங்கே வளர்க்கின்றார். விலங்குக்குத் தூய நீரும் தாவரத்துக்கு வலிய ஒளியும் வேண்டும்.

இதனைக் கருவிகள் மிகக் குறைந்த முறையில் நிறைவேற்றியவர் இந்தோனேசியாவின் சக்கார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். இயற்கைக் கடல்நீர், வெயில், மென்மையான காற்றுக்குமிழ், கடலிலிருந்து உயிரோடு எடுத்த கற்கள் ஆகியவற்றையே அவர் பயன்படுத்தினார். 1961ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் அவர் வெளியிட்ட கட்டுரை இம்முறையை மேலைநாட்டாருக்கு அறிமுகஞ்செய்தது. ‘உயிர்க்கல்’ எனப்படும் அக்கற்களின் வெளிப்புறத்தில் அமோனியாவை மாற்றும் பற்றீரியாவும், ஒட்சிசன் குன்றிய உட்துளைகளில் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி நீக்கும் பற்றீரியாவும் வாழ்கின்றன. அயனமண்டலக் கரையில் வாழ்ந்த ஒருவருக்கு இயல்பாய்க் கிட்டிய இவ்வசதிகள் குளிர்நாட்டாருக்குக் கிட்டவில்லை. அவர்கள் அவற்றைக் கருவிகளால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

அவ்வகையில் ஜேர்மானியரின் பங்களிப்புப் பெரிது. நீரினுள் நுண்குமிழ்களைச் செலுத்தினால் கரைந்துள்ள சேதனக் கழிவுகள் குமிழ்களில் ஒட்டி நுரையாய் மேலெழும். அந்நுரையைத் தனியே சேர்த்து அகற்றும் நுரைபிரி கருவியை அவர்கள் 1960களில் விருத்திசெய்தனர். சிதைந்து அமோனியாவாகும் முன்னரே கழிவை நீக்குதல் இக்கருவியின் சிறப்பு. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் வில்கென்ஸ் 1973இல் வெளியிட்ட நூலில், முருகை தன் எலும்புக்கூட்டை ஆக்கத் தேவையான கல்சியத்தைத் தெளிந்த சுண்ணாம்புநீரால் வழங்கும் முறையை விளக்கினார். வால்ட்டர் ஏடி 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற் பாசிப்படுகைகளைக் கொண்டு நீரைத் தூய்மையாக்கினார். 1986இல் ஜோர்ஜ் ஸ்மிற் எழுதிய கட்டுரைகள் அமெரிக்க வீடுகளில் முருகைத் தொட்டியைப் பரப்பின. உயிர்க்கல், நுரைபிரி கருவி, வலிய உலோக ஏலைட்டு விளக்கு, கல்சியம் வழங்கல் ஆகிய நான்கையும் இணைத்த ‘பேர்லின் முறை’ 1980களின் இறுதியிலும் 1990களிலும் எங்கும் பரவியது. இன்று விளக்கு ஒளிகாலும் இருவாயியாக மாறியுள்ளது, அடிப்படை மாறவில்லை.

பெருந்தொட்டியின் திட்டம்

இவ்வரலாற்றை அறிந்தவருக்குக் கருவிகளின் பட்டியல் கடைக்காரர் கூறும் பொருள்களின் அடுக்காகத் தோன்றாது. ஒவ்வொரு கருவியும் கடல் செய்யும் ஒரு தொழிலுக்கு ஈடாகும். எடுத்துக்காட்டாக, 180 சதமமீற்றர் நீளமும் 60 சதமமீற்றர் அகலமும் 60 சதமமீற்றர் உயரமும் உடைய தொட்டியொன்றைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 648 லீற்றர். மேல்விளிம்பின் இடைவெளி, கல், மணல் ஆகியன போக ஏறத்தாழ 530 லீற்றர் நீரே அதில் நிற்கும். கீழ்த்தொட்டியில் 150 லீற்றர் சேர்ந்தால் முழு நீரும் 680 லீற்றராகும். லீற்றருக்கு 35 கிராம் வீதம் ஏறத்தாழ 24 கிலோகிராம் உப்பு வேண்டும். கண்ணாடி, நீர், கல், மணல், தாங்கி அனைத்தும் சேர்ந்து நிறை ஒரு தொன்னை அணுகும். ஆகவே திட்டத்தின் முதற்படி மீனைத் தெரிவதன்று. அந்நிறையைத் தாங்கும் நிலத்தைத் தெரிவதேயாம்.

அடுத்து நீரோட்டம். மேற்றொட்டிக்கும் கீழ்த்தொட்டிக்கும் இடையே மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு நீர் சுழன்றாற் போதும். தொட்டியினுள்ளே, அலைக்கு ஈடாக, மணிக்கு இருபது மடங்களவு நீரை அசைக்கும் பம்பிகள் வேண்டும். பம்பி நின்றவுடன் மேலிருந்து வடியும் நீரைக் கீழ்த்தொட்டி கொள்ளுமா என்பதையும் முன்கூட்டியே கணக்கிடல் வேண்டும். நாள்தோறும் சில லீற்றர் நீர் ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லையாதலால் இழப்பைத் தூய நன்னீராலேயே ஈடுசெய்தல் வேண்டும். வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசுக்குள் நிற்றல் நன்று. குளிர்நாட்டிற் சூடாக்கி வேண்டும். கொழும்பு போன்ற நகரிற் குளிராக்கியே வேண்டும். மின்தடை ஏற்படின் மணிக்கணக்கில் ஒட்சிசன் குன்றி உயிர்கள் மடியலாம். எனவே மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பியும் திட்டத்தின் இன்றியமையாத பகுதியாகும்.

மீன்களின் தொகையும் வரிசையும்

இத்தனை கலன் நீருக்கு மீனின் நீளத்தில் ஓரங்குலம் என்று கணிக்கும் பழைய விதியொன்று உண்டு. அது பெரிதும் வழிதவறச் செய்வது. உடலமைப்பு ஒத்த மீன்களில் நிறை நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். பத்து அங்குல மீன் ஓரங்குல மீன்கள் பத்துக்கு நிகராகாது. ஏறத்தாழ ஆயிரத்துக்கு நிகராகும். உணவும் கழிவும் அதே விகிதத்தில் இல்லாவிடினும் பன்மடங்கு பெருகும். மேலும், கடையிற் காண்பது பெரும்பாலும் குஞ்சு. முதிர்ந்த அளவைக் கொண்டே கணக்கிடல் வேண்டும்.

முருகைப்பாரில் இடவுரிமை மீன்களின் வாழ்வை ஆளுகின்றது. இந்துசமுத்திரத்துக்கு உரிய நீலநிறச் சத்திரவைத்தியர் மீன் வாலடியிற் கத்தி போன்ற முள்ளை உடையது. நாள் முழுவதும் நீந்திப் பாசி மேய்வது. தன்னினத்தைத் தொட்டியிற் பொறுக்காதது. மேற்கூறிய 180 சதமமீற்றர் தொட்டியே அதற்குக் குறைந்தபட்ச இடம். அங்கும் ஒன்றே வாழலாம். வண்ணாத்தி மீன்களுட் சில இனங்கள் முருகை உயிரியை மட்டுமே உண்பன. முருகையுள்ள தொட்டியில் அவை அழிவு செய்யும். முருகையில்லாத தொட்டியிற் பட்டினியால் இறக்கும். ஆகவே அவற்றை வாங்காதிருத்தலே தகும். கோமாளி மீன் இணையொன்று, பச்சைக் குரோமிசு போன்ற சிறுமீன்களின் சிறு கூட்டமொன்று, மணலில் வாழும் உழுவையினம் ஒன்று, பாசி மேயும் மீன் ஒன்றிரண்டு என்றவாறு பன்னிரண்டைத் தாண்டாத தொகை இத்தொட்டிக்குப் போதியது.

தொகையைப் போன்றே வரிசையும் முக்கியமானது. கல்லையும் நீரையும் இட்டபின் அமோனியாவும் நைத்திரைற்றும் அளவையிற் சூனியமாகும்வரை ஒன்று முதல் இரண்டு மாதம் பொறுத்திருத்தல் வேண்டும். பின்னர் அஞ்சும் இயல்புடைய சிறுமீன்கள் முதலிலும், இடத்தைக் காக்கச் சண்டையிடுவன இறுதியிலும் புகவேண்டும். ஒவ்வொன்றையும் வேறொரு தொட்டியில் நான்கு வாரமேனும் நோய்காத்து வைத்தபின்னரே சேர்த்தல் முறை. ஒவ்வொரு புதுவரவின் பின்னும் பற்றீரியாக்கள் பெருகி ஈடுகொடுக்கக் காலம் தேவை. ஆகவே ஒரு பெருந்தொட்டி நிறைவுற ஓராண்டு செல்லலாம். 1850களின் வீட்டுத் தொட்டிகள் அழிந்தமைக்கும் இன்று பல தொட்டிகள் அழிவதற்கும் காரணம் ஒன்றே: நீர் ஆயத்தமாகுமுன் உயிர்கள் வந்துசேர்தல்.

இலங்கைக் கரைகளும் இவ்வணிகமும்

நீர் கெட்டு மீன் இறந்தால் அதற்கு ஈடான மீன் எங்கிருந்து வருகின்றது? டெவன் கரைக்குப் பதிலாக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து விடை அயனமண்டலக் கரைகளாயிற்று. விமானப் போக்குவரத்தும், ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளும் அதற்கு வழிசெய்தன. இலங்கை இவ்வணிகத்தின் முன்னோடி நாடுகளுள் ஒன்று. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றிப் பின் சுழியோடியாகப் புகழ்பெற்ற றொட்னி ஜொன்கிளாஸ், அலங்கார மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்வதில் முன்னின்றவர். அவரது அனுபவம் 1975இல் நூலாகவும் வெளிவந்தது. கையில் சிறுவலையோடு மூழ்கி மீனைத் தெரிந்து பிடிக்கும் சுழியோடியின் தொழில் திறன்மிக்கது. பாருக்கு அதிகம் ஊறு செய்யாதது. ஆயின் கேள்வி பெருகவே, முருகைமீது பாரமிட்ட வலையைப் போர்த்தி, உள்ளே ஒதுங்கும் மீனைக் கல்லைத் தட்டிக் கிளப்பிப் பிடிக்கும் ‘மொக்சி’ வலை வழக்கிற்கு வந்தது. அதனால் முருகைகள் முறிந்தன. அவ்வலை பின்னர் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. பிலிப்பைன்சில் 1960களிலிருந்து சயனைட்டு நஞ்சைப் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இதனினும் கொடியது.

நம் பார்களின் அழிவுக்கு மீன்தொட்டி வணிகமே முழுக்காரணம் என்று கூறுதல் நீதியாகாது. தென்மேற்குக் கரையிற் சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் அகழ்ந்தமை மிகப் பெரும் சேதத்தை விளைத்தது. 1998இல் கடல்நீர் வெப்பமுற்றமையால் ஏற்பட்ட வெளிறல் இக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்களிலும் ஆழங்குறைந்த பகுதி முருகைகளிற் பெரும்பாலானவற்றை அழித்தது. திருகோணமலைப் புறாத்தீவுப் பகுதி அவ்வாண்டிற் பெரிதும் தப்பியது. கல்முருகைகள் 1993ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்மூலம் பாதுகாக்கப்பட்டுள்ளன. இருப்பினும், ஏலவே நலிந்த பாரிலிருந்து பிடிக்கப்பட்ட மீன் தொலைநாட்டுத் தொட்டியொன்றிற் சில வாரங்களில் இறக்குமாயின், அவ்விழப்புக்கு வெப்பத்தையோ சூளையையோ காரணங்காட்ட முடியாது. அது திட்டமிடாத வளர்ப்பாளரின் பொறுப்பாகும்.

மறுபுறத்தில், இக்கலையே மாற்றுவழியையும் தந்துள்ளது. கோமாளி மீனைத் தொட்டியில் இனம்பெருக்கி விற்பதில் மார்ட்டின் மோ முதலியோர் 1970களின் முற்பகுதியில் வெற்றிகண்டனர். முருகையின் கிளையை நறுக்கி வேறொரு கல்லில் ஒட்டி வளர்த்தல் இன்று வீட்டு வளர்ப்பாளருக்கும் எளிதாயுள்ளது. 25 இலட்சம் லீற்றர் கொள்ளளவோடு 1987இல் அவுத்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறக்கப்பட்ட முருகைக் காட்சியகம், ஒரு பார் முழுவதையும் கரையில் வாழ்விக்க முடியுமா என்ற சோதனையாகவே அமைந்தது. வீட்டுத் தொட்டிகளிலும் காட்சியகங்களிலும் பெற்ற நீரறிவு, வெளிறலுக்குப் பின் பார்களை மீளமைக்க முயல்வோருக்குப் பயன்படுகின்றது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால், கடற்றொட்டிக் கலையின் வரலாறு உயிர்களைச் சேர்ப்பதிலிருந்து நீரைப் பேணுவதற்கு மாறிய வரலாறு என்பது பெறப்படும். பணிப்பெண்ணின் கை, லொயிட்டின் நீர்த்தேக்கம், பரலின் பற்றீரியா, லீயின் உயிர்க்கல், ஜேர்மானியரின் நுரைபிரி கருவி என்ற ஒவ்வொரு படியும் முந்திய படியில் மடிந்த உயிர்களின் விலையிற் பெறப்பட்டது. அவ்விலையை மீண்டும் கொடுக்க வேண்டிய தேவை இன்று இல்லை. தொட்டி அமைக்க விழைபவர் கொள்ளளவையும் கருவியையும் மீனின் முதிர்ந்த அளவையும் புகும் வரிசையையும் முதலிற் தாளில் எழுதிக் கணக்கிட்டு, அதன் பின்னரே கடைக்குச் செல்வாராயின், அவர் வாங்கும் மீன் ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று நம் பாரிலிருந்து பிடிக்கப்பட வேண்டியதில்லை. மன்னார்க் கடலோடிகள் முத்துச்சிப்பி விளையும் இடத்தை ‘முத்துப்பார்’ என்று அழைத்தனர். முத்துக்குளிப்பிலும் சிப்பியின் வளர்ச்சியைச் சோதித்து, முதிராத ஆண்டுகளிற் பாரைத் தீண்டாது விடும் ஒழுங்கு இருந்தது. எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கும் அம்மரபு, கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்துவதேயாம்.